நான் வரும்வரை வெளியே எடுக்காதே

இசக்கிக்குக் காது கேட்காமல் போனதற்கும் கால்கள் விறைத்துப் போனதற்கும் அவளைப் பெற்றவள் காரணமில்லை. நான்தான் காரணம்.

எழுதிவிட்டேன்... பத்து வருடங்களாக நாக்குக்கு அடியில் அடக்கி வைத்திருந்த வரி. காகிதத்தில் இறக்கி வைத்துப் பார்த்தால் எவ்வளவு சின்னதாக இருக்கிறது!

நீங்கள் யாரென்று எனக்குத் தெரியாது. எங்கே உட்கார்ந்து இதைப் படிக்கிறீர்கள் என்பதும் தெரியாது. அதனால்தான் உங்களிடம் சொல்ல முடிகிறது. சொல்லவேண்டியவள் ஒருத்தி இருக்கிறாள். அவளை விட்டுவிட்டு உங்களிடம் வந்திருக்கிறேன். இதையும் என் குற்றத்தோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு நர்ஸ். வயது நாற்பத்திரண்டு. தென்காசியில், குற்றாலம் போகிற சாலையை ஒட்டிய ஒரு சின்னப் பிரசவ ஆஸ்பத்திரியில் பதினாறு வருடங்களாக வேலை பார்க்கிறேன். அதன் பெயரை எழுதப்போவதில்லை. அந்தக் கட்டடம் ஒரு பாவமும் செய்யவில்லை.

எழுபதுகளின் பின்பாதியில் எங்கள் டாக்டரம்மா மதராஸுக்குப் போய்வந்தார். வந்ததும் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார். பிறந்த இரண்டாம் நாள், மூன்றாம் நாள் உடம்பெல்லாம் மஞ்சள் பூக்கிற குழந்தைகளை அங்கே நீல விளக்குக்கு அடியில் கிடத்துகிறார்களாம். வெளிச்சமே மருந்தாம்! எங்கள் ஊர்த் தச்சர் ஒருவர் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு மரப்பெட்டி செய்துகொடுத்தார். மேலே நீல டியூப்லைட்டுகள். கீழே மெத்தை விரித்த தொட்டில். பார்க்க மீன் விற்கிற கடைக் கண்ணாடிப் பெட்டி மாதிரி இருக்கும்.

அதுவரைக்கும் எங்கள் பக்கத்தில் மஞ்சள் கண்ட பிள்ளைக்கு இளவெயில்தான் மருந்து. சாரல் காலத்தில் வெயிலுக்கு எங்கே போவது? ஆனி பிறந்தால் மேற்கே மலை மறைந்துபோகும். துவைத்த துணி மூன்று நாள் காயாது. ஊரெல்லாம் சீசன் வந்துவிட்டது என்று குதிக்கும்போது எங்கள் வார்டில் மட்டும் பெற்றவள்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்களுக்காக வந்தது அந்தப் பெட்டி.

பெட்டி வந்தது. ஆள் வரவில்லை. இரண்டு நர்ஸ், ஒரு ஆயா. பெட்டியை விட்டுக் கண்ணெடுக்காமல் உட்கார்ந்திருக்க யார் இருக்கிறார்கள்?

“பெத்தவளே உக்காரட்டும். நீ சொல்லிக்குடு” என்றார் டாக்டரம்மா.

சொல்லிக்கொடுத்தேன். பச்சை உடம்புக்காரியை விளக்கடியில் உட்கார வைப்பதா என்று மாமியார்கள் முகத்தைச் சுளித்தார்கள். நான் விடவில்லை. கண்ணைக் கறுப்புத் துணியால் மறைத்துக் கட்டுவது, அது நழுவி மூக்கை அடைக்காமல் பார்ப்பது, மணிக்கொரு தரம் மல்லாக்கவும் குப்புறவும் மாற்றிப் போடுவது, பாலைப் பீய்ச்சிச் சங்கில் புகட்டுவது... எழுத்துத் தெரியாத கைகள் இரண்டே நாளில் கற்றுக்கொண்டன. எனக்குக் கர்வமாக இருந்தது. மறைக்கமாட்டேன், மிகுந்த கர்வமாக இருந்தது!

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பாடம் உண்டு. ஜன்னல்.

நீல வெளிச்சத்தில் மஞ்சள் தெரியாது. பெட்டிக்குள் கிடக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் ஒரே நிறம்தான். அதனால் இரண்டு மணிக்கொரு தரம் பிள்ளையை வெளியே எடுத்து ஜன்னலோரம் கொண்டுபோக வேண்டும். பகல் வெளிச்சத்தில் நெற்றி, நெஞ்சு, முழங்கால், உள்ளங்கால் என்று கட்டைவிரலால் அழுத்தி எடுக்க வேண்டும். விரலை எடுத்ததும், இரத்தம் விலகிய அந்த இடத்தில் ஒரு நொடி... ஒரே ஒரு நொடி, தோல் உண்மையைச் சொல்லும்.

மஞ்சள் மேலிருந்து கீழே இறங்கும். முழங்காலோடு நின்றால் விளக்கு போதும். உள்ளங்காலுக்கு வந்துவிட்டால் விளக்கை நம்பக்கூடாது. அந்த நிமிஷமே காரைப் பிடித்துப் பாளையங்கோட்டைக்குக் கொண்டுபோய் இரத்தத்தை மாற்ற வேண்டும். தாமதித்தால் மூளைக்கு ஏறிவிடும். அப்புறம் உயிர் இருக்கும்; மற்றதெல்லாம் இருக்குமா என்று சொல்ல முடியாது.

இதை நான் நூறு பேருக்குச் சொல்லிக்கொடுத்திருப்பேன். எனக்கு நன்றாகத் தெரியும் என்பதற்காகத்தான் உங்களுக்கும் இவ்வளவு விரிவாகச் சொல்லுகிறேன். தெரியாமல் செய்தேன் என்று நீங்கள் எனக்காக ஒரு வாசலைத் திறந்து வைத்துவிடக் கூடாது.

சண்முகத்தாய் அந்த ஆனி மாதம் வந்தாள். இலத்தூர்க்காரி. இருபது வயதிருக்கும். பீடி சுற்றுகிறவள். புருஷன் புனலூர்ப் பக்கம் மரம் அறுக்கிற மில்லில் வேலை. வாரத்துக்கு ஒருமுறை ரயிலில் வந்துபோவான். தலைப்பிள்ளை பிறந்து நாலாம் நாள் மஞ்சளிலேயே போய்விட்டது. இது இரண்டாவது. பெண். தாயின் இரத்தமும் பிள்ளையின் இரத்தமும் ஒத்துப்போகவில்லை என்றும், எச்சரிக்கையாக இருக்க வேண்டும் என்றும் டாக்டரம்மா சொல்லியிருந்தார்.

மணி பார்க்கத் தெரியுமா என்று கேட்டேன்.

“தெரியாது சிஸ்டரு. ஆனா நாலு கட்டு சுத்துனா ஒரு மணி நேரம்” என்றாள்.

இருபத்தைந்து பீடி ஒரு கட்டு. வார்டுக்குள் புகையிலை கூடாது என்று சொல்லியிருந்தேன். அதனால் அவள் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வெறும் விரல்களால் சுற்ற ஆரம்பித்தாள்! இல்லாத இலையை வெட்டி, இல்லாத தூளை வைத்து, உருட்டி, மடக்கி... உதடுகள் எண்ணிக்கொண்டே இருக்கும். நாலு கட்டு முடிந்ததும் எழுந்து பிள்ளையைத் திருப்பிப் போடுவாள். என் கைக்கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தேன். இரண்டு மூன்று நிமிஷம் முன்னே பின்னே இருக்கும். அவ்வளவுதான்.

அடுத்த கட்டில்காரி சிரித்தாள். “ஏட்டி சம்முகத்தாயி, இல இல்லாமச் சுத்துதியே, அத எவன் குடிப்பான்?”

“ஒங்க வீட்டுக்காரருக்குத்தான்க்கா சுத்துதேன். இருமலாவது கொறையும்.”

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன். அவளைப் போல ஒரு மாணவி எனக்கு அதற்கு முன்னும் வாய்க்கவில்லை, பின்னும் வாய்க்கவில்லை.

மூன்றாம் நாள். மற்ற நர்ஸ் லீவு. பகல் முழுக்க நான் ஒருத்திதான்.

காலை பத்து மணிக்கு நானே ஜன்னலில் வைத்துப் பார்த்தேன். மஞ்சள் முழங்காலில் இருந்தது. பன்னிரண்டு மணிக்கு மறுபடியும் பார்த்தேன். முழங்காலைத் தாண்டி ஒரு நூல் இறங்கியிருந்ததோ?... அப்படித்தான் தோன்றியது. மேகம் மூடிய வெளிச்சம், அப்படித்தான் தெரியும் என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன்.

ஏன் சொல்லிக்கொண்டேன்? என் மனம் அப்போது வார்டில் இல்லை. காலையில் சாப்பாடு கொண்டுவந்த ஒருத்தர் போகிற போக்கில் ஒரு சேதி சொல்லிப் போயிருந்தார்: ராத்திரி மலையில் நல்ல மழை, குற்றாலம் பேரருவியில் தண்ணீர் கொட்டுகிறது, பாறையை ஒட்டிக் கட்டிய வளைவைத் தொட்டுவிட்டது என்று.

என் கால்களுக்கு ஒரு நோய் உண்டு. அவை ஓரிடத்தில் நில்லா. அந்த வருஷத்து முதல் தண்ணீர்! அதை மற்றவர்கள் குளித்துவிட்டு வந்து சொல்லக் கேட்பதா? ஒரு மணிக்குப் போனால் இரண்டு மணிக்குள் திரும்பிவிடலாம். டாக்டரம்மா பின்கட்டு வீட்டில் பகல் தூக்கத்தில் இருப்பார். ஆயாவிடம் போஸ்ட் ஆபீஸ் வரைக்கும் என்றேன். அது முதல் பொய்.

பிறகு சண்முகத்தாயிடம் வந்தேன். நான் சொன்னதை எழுத்து மாறாமல் எழுதுகிறேன். பத்து வருடங்களாக அதைத்தானே கேட்டுக்கொண்டிருக்கிறேன்...

“நான் வர்ற வரைக்கும் பிள்ளைய வெளிய எடுக்காத. சாரக்காத்து பட்டா காய்ச்சல் வந்துரும். பால அங்கனயே சங்குல குடு. எதுன்னாலும் எங்கிட்டதான் சொல்லணும். டாக்டரம்மாவப் போயி எழுப்பப்பிடாது.”

அவள் விரல்கள் நின்றன. “சன்னலுக்குக் கொண்டுபோவ வேண்டாமா சிஸ்டரு?”

கேட்டாள். அவள் கேட்டாள்! நான் கற்றுக்கொடுத்த பாடத்தை என்னிடமே திருப்பிக் கேட்டாள்.

“வேண்டாம். நான் வந்து பாத்துக்கிடுதேன்.”

அவள் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் விரல்களை உருட்டத் தொடங்கினாள்.

குற்றாலத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன். இதைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பக்கங்கள் எல்லாமே பொய்யாகிவிடும். தண்ணீர் தோளில் இறங்கியபோது எலும்புக்குள் யாரோ உலக்கை போடுவதுபோல் இருந்தது. பெண்கள் பக்கம் ஒரே கூச்சல், முகம் தெரியாதவள்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள், நான் அவர்கள் கையைப் பிடித்துக்கொண்டேன். வார்டு இல்லை, பெட்டி இல்லை, மஞ்சள் இல்லை. நான் என்கிற ஒருத்திகூட இல்லை. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று நின்றேன். வெளியே வந்தபின் சாரலில் நனைந்துகொண்டே சூடாக ஒரு டீயும் குடித்தேன். பேருந்து வர நேரமாயிற்று. நேரமாகட்டுமே என்றிருந்தது...

ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மணி நாலரை.

ஈரத் தலையை அள்ளி முடிந்து, மேலே வெள்ளைத் தொப்பியை வைத்துக் குத்திக்கொண்டு உள்ளே போனேன். சண்முகத்தாய் நின்றுகொண்டிருந்தாள். விரல்கள் சுற்றவில்லை. அதைத்தான் முதலில் பார்த்தேன்.

“எட்டு கட்டு நேரமாப் பாலு எறங்கல சிஸ்டரு. சங்க வச்சா வாயோரமா வழியுது. ஒங்களத் தேடி வாசலுக்கு ரெண்டு மட்டம் வந்து பாத்தேன். நீங்க சொன்னதுனால வெளிய மட்டும் எடுக்கல.”

பெட்டிக்கு மேல் குனிந்தேன். என் கொண்டையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் பிள்ளையின் நெஞ்சில் விழுந்தது. சண்முகத்தாய் சேலைத் தலைப்பால் அதைத் துடைத்துவிட்டாள்.

பிள்ளை தலையைப் பின்னால் வளைத்து வில்லாகக் கிடந்தது. அழுகை வேறு மாதிரி... கூரிய கீச்சுக் குரல். அள்ளி எடுத்துக்கொண்டு ஜன்னலுக்கு ஓடினேன். உள்ளங்காலில் கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தேன்.

மஞ்சள் கிழங்கை உரசி வைத்ததுபோல் இருந்தது.

அந்த அழுகையைக் கேட்டு டாக்டரம்மா வந்துவிட்டார். ஒரே பார்வையில் அவருக்கு விளங்கிவிட்டது. காருக்கு ஆள் ஓடியது. பிள்ளையைத் துணியில் சுற்றிக்கொண்டே என்னைக் கேட்டார். கத்தவில்லை. சாதாரணக் குரல்தான்.

“மத்தியானம் சன்னல்ல வச்சுப் பாக்கலையா?”

இப்போது சொல்லலாம். வாயைத் திறந்தால் போதும். நான் இங்கே இல்லை டாக்டர், அருவிக்குப் போயிருந்தேன், எடுக்காதே என்று நான்தான் சொன்னேன்... மூன்றே வாக்கியம்.

“ரெண்டு மணிக்கு ஒரு தடவ பாக்கச் சொல்லியிருந்தேன் டாக்டர். இவ பாக்கல.”

டாக்டரம்மா அவள் பக்கம் திரும்பினார். சண்முகத்தாய் என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்தாள் என்று எழுத ஆசைதான். இல்லை. பள்ளிக்கூடத்தில் கணக்கு தப்பாகிப் போன பிள்ளை, எந்த இடத்தில் தப்பியது என்று தேடுமே... அப்படிப் பார்த்தாள்.

“ஆமா டாக்டரம்மா. சிஸ்டரு எல்லாம் சரியாத்தான் சொல்லித் தந்தாக. நாந்தான் பாக்கல.”

ஏன் அப்படிச் சொன்னாள்? என்னைக் காப்பாற்றவா? அப்போது அப்படித்தான் நினைத்தேன். அந்த நினைப்பில் ஒரு சுகம்கூட இருந்தது. வெட்கக்கேடு!

கார் போனபிறகு கேஸ் ஷீட்டை எடுத்து ஆங்கிலத்தில் ஒரே ஒரு வரி எழுதினேன்: தாய்க்குச் சொல்லப்பட்டது, தாய் கவனிக்கவில்லை. என் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றைக்கும் அழகாகவே இருந்தது.

பாளையங்கோட்டையில் இரத்தத்தை மாற்றினார்கள். உயிர் தங்கியது. மற்றது போயிற்று. பத்துப் பன்னிரண்டு நாள் கழித்துப் பிள்ளையோடு எங்கள் டாக்டரம்மாவைப் பார்க்க வந்தார்கள். அறைக்கு வெளியே பெஞ்சில் அவள் மாமியார், நான் நிற்பதைக் கவனிக்காமல், மருமகளிடம் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“அம்புட்டு வெளிச்சத்துல உக்காந்திருந்தும் ஒங் கண்ணு தெரியலையாக்கும்.”

சண்முகத்தாய் பிள்ளையின் துணியை இழுத்துச் சரிசெய்தாள். என் கையில் கேஸ் ஷீட் இருந்தது. நான் அந்தப் பக்கமாகவே நடந்து போனேன்.

இத்தோடு முடிந்திருந்தால், ஒரு கோழையின் கதை என்று நீங்கள் மடித்து வைத்துவிடலாம். முடியவில்லை. நான் அதை வைத்துப் பிழைத்தேன்.

தாய்மாரையே நர்ஸ் ஆக்குகிற ஆஸ்பத்திரி என்று எங்களுக்குப் பெயர் வந்தது. சுற்றுவட்டாரத்து நர்சுகள் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கடையம், கீழப்பாவூர் என்று ஊர் ஊராக என்னைக் கூப்பிட்டார்கள். எனக்குப் பேச வரும். பேச்சுக்கு ஒரு கதை வேண்டாமா? என்னிடம் ஒரு கதை இருந்தது.

ஒரு தாய் இருந்தாள், என்று ஆரம்பிப்பேன். கெட்டிக்காரி. எல்லாம் சொல்லிக்கொடுத்திருந்தோம். ஒரே ஒரு மத்தியானம், ஒரே ஒரு மத்தியானம் அவள் ஜன்னலுக்குப் போகவில்லை... இந்த இடத்தில் குரலைத் தாழ்த்துவேன். பெண்கள் உச்சுக் கொட்டுவார்கள். சிலர் தங்கள் பிள்ளையை இறுக்கிப் பிடித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஊரிலும் கதை கொஞ்சம் மெருகேறியது. அந்தக் கதையால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்தன. அதுவும் உண்மை. அந்த உண்மையைக் கொண்டு என் பொய்யை எத்தனை தடவை கழுவிப் பார்த்திருப்பேன்!

மூன்று வருடங்களுக்கு முன் இலத்தூரிலிருந்து கூப்பிட்டார்கள்.

நியாயமாக நான் மறுத்திருக்க வேண்டும். அவள் ஊர். ஆனால் அவள் இப்போது அங்கே இருப்பாளா, புனலூருக்கே போயிருப்பாள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டு போனேன். பள்ளிக்கூடத்து ஹாலில் நாற்பது ஐம்பது பெண்கள். வழக்கம்போல ஆரம்பித்தேன். ஒரு தாய் இருந்தாள்...

பாதியில்தான் பார்த்தேன். கடைசி வரிசையில், சுவரில் சாய்ந்து, மடியில் ஏழு வயதுப் பெண்ணைக் கிடத்திக்கொண்டு சண்முகத்தாய். பிள்ளையின் கால்கள் கத்தரிபோல் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. பக்கத்தில் வாயும் வயிறுமாக அவள் தங்கச்சி.

நிறுத்தியிருக்கலாம். தலைசுற்றல் என்று உட்கார்ந்திருக்கலாம். நான் நிறுத்தவில்லை. கேளுங்கள்... நான் கடைசிவரை சொல்லி முடித்தேன்! குரலைத் தாழ்த்த வேண்டிய இடத்தில் தாழ்த்தினேன். எல்லாரும் உச்சுக் கொட்டினார்கள். அவளும் கொட்டினாள்.

கூட்டம் கலைந்தபின் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தாள். ஏழு வயதுப் பிள்ளை, அவள் முழங்காலுக்குக் கீழே கால்கள் தொங்கின.

“நல்லா சொன்னீக சிஸ்டரு. எம் பேரச் சொல்லியே சொல்லுங்க. எங்க ஊருல எம் பேரச் சொன்னாத்தான் பயந்து கேப்பாளுவ. தங்கச்சியக் கூட்டிட்டு வந்ததே அதுக்குத்தான்.”

நான் பிள்ளையின் பெயரைக் கேட்டேன். வேறென்ன கேட்பது? இசக்கி என்றாள். பிறகு பிள்ளையின் தாடையைத் தொட்டுத் திருப்பி, “ஏட்டி, சிஸ்டரப் பாரு, ஒன்னயத் தூக்கிட்டு சன்னலுக்கு ஓடுனாகள்லா, அந்த சிஸ்டரு” என்றாள். அதற்கு ஒரு சத்தமும் கேட்காது என்று தெரிந்தும் அவள் பேசிக்கொண்டேதான் இருந்தாள். பிள்ளை என் கைக்கடிகாரத்தைப் பார்த்துச் சிரித்தது.

போகத் திரும்பியவள் நின்றாள்.

“ஒண்ணே ஒண்ணு கேக்கணும் சிஸ்டரு. அன்னைக்கு நீங்க வெளிய எடுக்காதன்னு சொன்ன மாரியே எனக்கு ஞாவகம். சன்னலுக்கு வேண்டாமான்னுகூடக் கேட்டேன்லா. ஏழு வருசமா அதையே ரோசிக்கேன். நீங்க சொன்னீகளா... இல்ல, நான்தான் ஒண்ணக் கெடக்க ஒண்ணு வெளங்கிக்கிட்டனா?”

அன்றைக்கு அவள் என்னைக் காப்பாற்றவில்லை. அது எனக்கு அந்த நிமிஷத்தில்தான் உறைத்தது. சிஸ்டர் பொய் சொல்லமாட்டாள் என்று நம்பினாள். அப்படியானால் தன் காதுதான், தன் மூளைதான் பொய் சொல்லியிருக்க வேண்டும் என்று முடிவு கட்டினாள். ஏழு வருடமாகத் தன் ஞாபகத்தையே சந்தேகப்பட்டுக்கொண்டு, அந்தப் பிள்ளையைத் தூக்கிச் சுமந்திருக்கிறாள்.

சாட்சி நான் ஒருத்திதான். அவள் அந்தச் சாட்சியிடம் வந்து நின்றாள். ஒரு சொல் போதும். ஆமாம்டி, நான்தான் சொன்னேன்... பிள்ளைக்குக் காது திரும்பாது. ஆனால் அவளுக்கு அவளே திரும்பக் கிடைத்திருப்பாள்.

“இல்லம்மா. நான் அப்படிச் சொல்லுவேனா? நீதான் தப்பா வெளங்கிக்கிட்ட.”

கனிவாகச் சொன்னேன். தோளில் கைகூட வைத்தேன்!

அவள் தலையை ஆட்டினாள். “அதான... நானும் அப்பிடித்தான் நெனச்சேன். பிள்ள பெத்த மயக்கம். பாவம், நீங்கதான் மழையில நனஞ்சுக்கிட்டு ஓடியாந்தீக, தல எல்லாம் சொட்டச் சொட்ட.”

வலக்கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இசக்கியின் முதுகில், தாமாகவே, எதையோ உருட்டிக்கொண்டிருந்தன.

டாக்டரம்மாவிடம் சொன்ன பொய்யைப் பயத்தில் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ளலாம். இது? யாரும் என்னைப் பயமுறுத்தவில்லை. டாக்டரம்மா அங்கே இல்லை. வேலை போகாது. ஐம்பது பெண்கள் மத்தியில் எனக்கிருந்த அந்தக் கொஞ்ச மரியாதை... அதற்காகச் சொன்னேன். அவ்வளவுதான் அதன் விலை.

இன்னும் ஒன்று மீதி இருக்கிறது. இதை எழுதத்தான் மூன்று முறை பேனாவை மூடி வைத்தேன்.

வெளியே எடுக்காதே என்று ஏன் சொன்னேன்? சாரல் காற்று என்று அவளிடம் சொன்னேன். எனக்கும் வெகுகாலம் அதையே சொல்லிக்கொண்டேன். ஜன்னலுக்குக் கதவு இருந்தது. சாத்தி வைத்தால் காற்று வராது. கண்ணாடி வழியே வெளிச்சம் வரும். தினமும் அப்படித்தான் பார்த்தோம்.

ஜன்னலில் வைத்துப் பார்த்தால் மஞ்சள் இறங்கியிருப்பது அவளுக்குத் தெரிந்துவிடும். தெரிந்தால் என்னைத் தேடுவாள். தேடினால் நான் இல்லை என்பது வெளிப்பட்டுவிடும். பன்னிரண்டு மணிக்குப் பார்த்தபோது அந்த ஒரு நூல் இறங்கியிருந்ததே... அது என் கண்ணில் இருந்தது. அதனால்தான் சொன்னேன். மறதி இல்லை, அஜாக்கிரதை இல்லை. நான் மிகவும் ஜாக்கிரதையாக இருந்தேன், அய்யா! நான் பயிற்சி கொடுத்த கண்களை நானே கட்டிவிட்டு அருவிக்குப் போனேன்.

இலத்தூருக்கு அப்புறம் நான் அந்தக் கதையைச் சொல்வதை விட்டுவிட்டேன். விட்டால் போய்விடுமா? என்னிடம் கற்றுக்கொண்ட நர்சுகள் சொல்லுகிறார்கள். போன மாதம் எங்கள் ஆஸ்பத்திரியிலேயே, புதிதாக வந்த பெண் ஒருத்தி, தாய்மார்களை வட்டமாக உட்கார வைத்து அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் மருந்து அலமாரிப் பக்கம் நின்று கேட்டேன். கதை வளர்ந்திருந்தது. அந்தத் தாய் பிள்ளையைப் பெட்டியில் போட்டுவிட்டுப் படுத்துத் தூங்கிவிட்டாளாம்.

அவள் தூங்கவில்லை. பத்து மணியிலிருந்து நாலரை வரைக்கும் கண்ணிமைக்காமல் நின்றவள் அவள். ஒரு நாளும் தூங்கவில்லை, அந்த ஒன்றையாவது திருத்திச் சொல் என்று எனக்குள் ஒரு குரல் எழுந்தது. வாயைத் திறந்தேன். அந்தப் பெண் என்னைப் பார்த்து, “சரியாச் சொல்லுதேனா சிஸ்டர்?” என்றாள்.

ம், என்றேன்.

அன்றைக்குத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். இனியாவது உண்மை ஓரிடத்தில் இருக்கட்டும் என்று. எழுதி முடிக்கிற இந்த நேரத்தில் எனக்குத் தெரிகிறது, இதிலும் நான் ஜாக்கிரதையாகத்தான் இருந்திருக்கிறேன். சண்முகத்தாய்க்கு எழுத்துத் தெரியாது. நான் எழுதியதை அவள் ஒருநாளும் படிக்கப்போவதில்லை. அது தெரிந்துதான் எழுதத் தேர்ந்துகொண்டேனோ?...

பேசத்தான் வேண்டும். அவள் முன்னால் போய் நின்று, வாயால் சொல்ல வேண்டும். நீ சரியாகத்தான் கேட்டாய், நான்தான் வேண்டாம் என்றேன் என்று.

வெளியே சாரல் விழுந்துகொண்டிருக்கிறது. இலத்தூருக்கு இங்கிருந்து அரை மணிக்கு ஒரு பேருந்து இருக்கிறது.